காலி இருக்கையில் ஒரு அம்மிக்குழவி

கோவிந்தம்மாளுக்கு ஏரோப்பிளேன் என்றதும் முதலில் நினைவுக்கு வந்தது இடுப்பு வலிதான். ஊரார் அதை அண்ணாந்து பார்த்தார்கள். அவள் அதன் அடியில் மல்லாந்து படுத்து, வயிற்றுப்பக்கம் வழிந்திருந்த எண்ணெயைக் கந்தலால் துடைத்தாள். வானத்தில் அவ்வளவு அழகாகப் போகிற பொருளுக்கு அடிப்பக்கம் இத்தனை அழுக்காக இருக்கும் என்று முன்கூட்டி அவளிடம் யாரும் சொல்லவில்லை.

சண்டைக்காலம் அது. திருத்தணிக்கும் அரக்கோணத்துக்கும் நடுவே, ரெயில் பாதைக்கு அந்தப்புறம் கிடந்த மேய்ச்சல் வெளியைச் சமன் செய்து பட்டாளத்துக்காரர்கள் ஒரு திடல் போட்டிருந்தார்கள். பீரங்கிக்காரர்கள் வானத்தைப் பார்த்துச் சுட்டுப் பழகுகிற இடம். மாடு மேய்ந்த இடம் போயிற்றே என்று வருத்தப்பட்டவர்களும், பிறகு அங்கேயே கூலிக்குப் போய் நின்றார்கள். வேறு எங்கே போவது? அரிசி கண்ணில் படாத காலம். கேழ்வரகுக்குக்கூட வரிசையில் நிற்க வேண்டியிருந்தது.

கோவிந்தம்மாளின் புருஷன் கண்ணையன் அஸ்ஸாம் பக்கம் ரோடு போடப் போனவன். முதல் வருஷம் திரும்பி வந்தவர்கள் மூலம் அவனைப் பற்றிச் சேதி கிடைத்தது. அப்புறம் நின்றுவிட்டது. இருக்கிறான் என்றும் யாரும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவளும் கேட்டுக் கேட்டு அலுத்து, கேட்பதை விட்டுவிட்டாள். விடியலில் கூழைக் குடித்துவிட்டுத் திருத்தணியில் பாசஞ்சர் வண்டி பிடிப்பாள். திடலில் புல் செதுக்குவாள், கொட்டகை பெருக்குவாள், விமானம் துடைப்பாள். விமானம் வெளியே போகும்போதும் வரும்போதும் மற்றப் பெண்களோடு வாலைப் பிடித்துத் தள்ளுவாள். பறக்கிறதுதானே, கொட்டகையிலிருந்து தானாகவே வெளியே வரக் கூடாதா என்று ஒருநாள் கேட்டாள். கேட்டது வாஸ்தவம்தானே என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் கொட்டகைக்கு மெக்கானிக் வாஹித். சண்டைக்கு முன்னால் பஸ் பழுது பார்த்தவன். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸுக்குப் பின்னால் கரி அடுப்பு மாட்டி ஓட்டிய நாட்களில் இருமி இருமி அலுத்துப்போய் இங்கே வந்து சேர்ந்தான். திருத்தணியில் கடைத்தெருவுக்குப் பின்சந்தில் வீடு. மனைவி பெயர் ஆலம் பீ. திடலின் அதிகாரியான வெள்ளைக்காரத் துரை பேசுகிற இங்கிலீஷில் பாதி அவனுக்குப் புரியும், மீதியைத் தானே இட்டு நிரப்பிக்கொள்வான். கோவிந்தம்மாளை அக்கா என்பான். அவள் அவனைப் பாய் என்பாள். இருவரும் ஒரே பாசஞ்சரில் போய் வந்தாலும், களைப்பில் பேச்சு அதிகம் இருக்காது.

நாற்பத்து நாலாம் வருஷம் வைகாசியில் அந்தப் புது விமானம் வந்தது. மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு இறக்கை, மேலே துணி போர்த்தி மெருகு பூசியது. முன்னால் ஓர் இருக்கை, கம்பு, கால் வைத்து மிதிக்கிற கட்டை எல்லாம் இருந்தன. பின்னால் இன்னொரு ஆள் உட்கார வேண்டிய இடத்தில் மட்டும் பெட்டி பெட்டியாக ஏதோ அடைத்திருந்தது. தரையில் ஒரு சோல்ஜர் மேஜை போட்டு உட்கார்ந்தான். அவன் முன்னால் டெலிபோனில் இருப்பது போல விரலால் சுழற்றுகிற தட்டு. அவன் இங்கே சுழற்றினால் அங்கே இருக்கையின் முன்னால் இருந்த கம்பு தானாக அசைந்தது. கட்டை தானாக முன்னும் பின்னும் போய் வந்தது. இருக்கையில் ஒருவரும் இல்லை.

துடைத்துக்கொண்டிருந்த கோவிந்தம்மாள் கையை எடுத்துக்கொண்டாள்.

அது சுடப்படுவதற்கென்றே வந்த விமானம். ஆள் இல்லாமல் மேலே போகும், கீழிருந்து பீரங்கிக்காரர்கள் அதைக் குறிபார்த்துச் சுடுவார்கள். பெரும்பாலும் குறி தவறும். ஓட்டை விழுந்து திரும்பினால் வாஹித் துணி வைத்துத் தைத்துப் பூசுவான், மறுபடி போகும். துரைக்கு அதன் மேல் ஒரே பெருமை. ஒருநாள் வேலைக்காரர்களைக் கூப்பிட்டு நிற்க வைத்து நெடுநேரம் பேசினார். வாஹித் அதைத் தமிழில் சொன்னான்.

"இனிமே வர சண்டைல ஏரோப்பிளேன் எல்லாமே இப்படித்தானாம். உள்ள ஆளே இருக்க மாட்டானாம். எங்கயோ ஒருத்தன் குந்திகினு ஓட்டுவானாம். அப்பால அவனும் வேணாமாம், அதுவே பார்த்துப் போய்க்குமாம். எந்தத் தாயும் புள்ளயப் பறிகுடுக்க வேணாம்னு சொல்றாரு."

"மேல போறவன் தப்பிச்சுக்குவான், சரி," என்றாள் கோவிந்தம்மாள். "கீழ கீறவங்க?"

வாஹித் அதைத் துரையிடம் சொல்லவில்லை. எதிர்க்கேள்வி கேட்டால் துரை மறுபடி ஆரம்பித்துவிடுவார், வெயில் வேறு ஏறிக்கொண்டிருந்தது.

ஆனியில் லண்டன் சேதி வந்தது. ஜெர்மன்காரன் ஆள் இல்லாத குண்டைப் பறக்கவிடுகிறான், அது பாட்டுக்கு வந்து வீடுகள் மேல் விழுகிறது என்று ரெயிலடியில் ஒருவர் பேப்பரை உரக்கப் படித்தார். கூட்டம் உச்சுக்கொட்டியது. கோவிந்தம்மாள் கேட்டுக்கொண்டு நின்றாள். அவளுக்கு லண்டன் எங்கே இருக்கிறது என்று தெரியாது. அங்கேயும் வீட்டில் பிள்ளைத்தாய்ச்சிகள் இருப்பார்கள் என்பது மட்டும் தெரிந்தது.

அவள் வீட்டில் ஒருத்தி இருந்தாள். மகள் மணியம்மையை ஆர்.கே.பேட்டையில் ஒரு நெசவுக்காரக் குடும்பத்தில் கொடுத்திருந்தது. முதல் குழந்தை பிறக்கும்போதே மூச்சில்லை. இரண்டாவது, பேர் வைக்கும் நாள் வரைகூட நிற்கவில்லை. இப்போது மூன்றாவது, பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். இரண்டாவது குழந்தையின்போது ஆசை தாங்காமல் கோவிந்தம்மாள் முன்கூட்டியே தூளி கட்டிவிட்டாள். தெருப் பிள்ளைகள் வந்து அந்த வெறும் தூளியை ஆட்டி விளையாடினார்கள். காலித் தொட்டிலை ஆட்டினால் பிள்ளைக்கு ஆகாது என்பது எல்லோரும் அறிந்தது. குழந்தை போனபின் பக்கத்து வீட்டுக் குப்பம்மாள் அதைச் சொல்லிக் காட்டினாள். குப்பம்மாளுக்கு இதையெல்லாம் சொல்ல எப்போதும் நேரம் இருக்கும். கோவிந்தம்மாளின் நெஞ்சில் அது அப்படியே குத்தி நின்றது.

இந்த முறை தூளியே கட்டவில்லை. ஆனால் என்ன பிரயோசனம்? நாள் தவறாமல் ஒரு காலி இருக்கையைத் துடைத்து, தன் கையாலேயே தள்ளிவிட்டு, அது ஆடி ஆடி மேலே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாளே. கம்பு தானாக அசைந்ததைக் கண்ட நாளிலிருந்து அவளுக்குக் கூழ் இறங்கவில்லை. வேலையை விட்டால் பிள்ளைத்தாய்ச்சிக்குக் கூழ் இல்லை. விடாவிட்டால் இது. பயமாக இருந்தது, அதைவிட ஆயாசமாக இருந்தது.

பேர் வைக்கும் நாளில் தொட்டிலில் முதலில் பிள்ளையைப் போடுவதில்லை. அம்மிக்குழவியைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்துப் படுக்கவைத்து ஆட்டுவார்கள். வரப்போகிற கெடுதல் எதுவோ அது கல்லோடு போகட்டும் என்று. அதன் பிறகுதான் பிள்ளை. கோவிந்தம்மாள் யோசித்தாள். மறுநாள் கூடையில் கூழ்ச்சட்டிக்கு அடியில் வீட்டு அம்மிக்குழவியை வைத்து எடுத்துக்கொண்டு போனாள். இருக்கையைத் துடைக்கிற சாக்கில் அதை அங்கே படுக்கவைத்து, இருக்கை வாரால் கட்டினாள். விமானம் திரும்பி வந்ததும் அவிழ்த்துக் கூடையில் போட்டுக்கொண்டாள். அன்று ராத்திரி நிம்மதியாகக் கூழ் குடித்தாள்.

அதிலிருந்து பறக்கிற நாளெல்லாம் குழவி அவளோடு ரெயில் ஏறியது. துவையல் அரைக்க நினைத்த நேரத்தில் குழவி இல்லை என்று மணியம்மை சலித்துக்கொண்டாள்.

வாஹித் ஒருநாள் கண்டுபிடித்துவிட்டான். கடைசியாக எட்டிப்பார்த்துச் சரி சொல்வது அவன் வேலை.

"இன்னாக்கா இது? மேல போய் மசாலா அரைக்கப் போவுதா?"

அவள் சொன்னாள். இரண்டு குழந்தைகள் போனதையும் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. துரை இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, குனிந்து வாரை இன்னும் ஒரு சுற்று இழுத்து இறுக்கினான்.

"கெட்டியா கட்டு. அவுந்துச்சுன்னா ரெண்டு பேருக்கும் வேலை பூடும்."

ஆடிக் கிருத்திகை வந்தது. திருத்தணிக்கு வந்த வண்டியெல்லாம் காவடியும் பால்குடமும். வண்டிகள் தாமதம். துரைக்குக் கிருத்திகை தெரியாது, பீரங்கிக்கும் தெரியாது. மூச்சு வாங்க ஓடி வந்த கோவிந்தம்மாள் இன்ஜின் கிளப்புகிற நேரத்துக்குத்தான் கொட்டகைக்குள் நுழைந்தாள். அவசரத்தில் குழவியைப் போட்டு வாரை ஒரு சுற்று சுற்றி விட்டுவிட்டாள். வாஹித் எட்டிப் பார்த்தான். கட்டியிருப்பது போலத்தான் தெரிந்தது. கையைக் காட்டினான்.

மேலே போய் முதல் திருப்பத்தில் குழவி சரிந்தது. சரிந்து கால் கட்டையில் போய் முட்டி நின்றது. சோல்ஜர் இங்கே தட்டைச் சுழற்றுகிறான், அங்கே கட்டை அசையவில்லை. விமானம் தன் பாட்டுக்குச் சாய்ந்து வட்டம் போட்டுக்கொண்டே திருத்தணியைப் பார்த்து நகர்ந்தது. அங்கே மலை முழுக்க ஜனம். அவள் மகளும் தெருப் பெண்களோடு அடிவாரத்தில் நின்றிருந்தாள்.

தாழப் பறந்த அந்த விமானத்தைக் கண்டு மலையில் அரோகரா எழுந்தது. உள்ளே ஆள் இல்லை என்பதைப் படிக்கட்டில் நின்றவர்கள் கண்ணாலேயே பார்த்தார்கள். முருகனே ஓட்டிக்கினு போனான் என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் உண்டு. நான் எதற்கு அவர்களோடு மல்லுக்கு நிற்க வேண்டும்? கடைசியில் அது மலையைச் சுற்றிக்கொண்டு போய் ஒரு வேர்க்கடலைக் கொல்லையில் மூக்கைக் குத்தி விழுந்தது. ஒருவருக்கும் அடியில்லை. ஆட்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது இருக்கைக்குக் கீழே ஒரு கல் கிடந்தது.

கல்லை யார் போட்டது? சண்டை நேரம், இரண்டு வருஷம் முன்பு சுயராஜ்யம் கேட்டவர்கள் தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள், தந்திக்கம்பியை அறுத்தார்கள் என்று பட்டாளத்துக்கு ஏற்கெனவே ஆயிரம் சந்தேகம். கடைசியாகக் கையைக் காட்டியவன் வாஹித். அன்று சாயங்காலமே திடலின் காவல் அறைக்கு அவனை இழுத்துக்கொண்டு போனார்கள். நாசவேலை என்று முடிவானால் தூக்குக்கூட உண்டு என்று ரெயிலில் பேசிக்கொண்டார்கள். கோவிந்தம்மாள் ஜன்னலோரம் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே வந்தாள். காலையில் போய்ச் சொல்லிவிடுவது என்று அப்போதே தீர்மானித்தாள்.

வீட்டு வாசலில் குப்பம்மாள் நின்றிருந்தாள். மணியம்மைக்கு வலி எடுத்திருந்தது.

அந்த ராத்திரியும் மறுநாளும் அதிலேயே போயின. தலைச்சன் மாதிரி இழுத்தடித்தது. கோவிந்தம்மாள் மகளின் முதுகைத் தாங்கியபடி உட்கார்ந்தவள் உட்கார்ந்தவள்தான். அதற்கும் மறுநாள் கோழி கூவுகிற நேரத்தில் குழந்தை பிறந்தது. ஆண். வீறிட்டு அழுதான். அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் அவள் மகளின் முதுகிலிருந்து கையை எடுத்தாள். விடிந்ததும் புறப்படலாம் என்று சுவரோரம் கொஞ்சம் சாய்ந்தாள்.

அதற்கடுத்த நாள் காலையில்தான் பாசஞ்சர் ஏறினாள். தலையில் சும்மாடு, சும்மாட்டின் மேல் அம்மி. குழவியைத்தான் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள், அம்மி வீட்டில்தானே இருந்தது. கல் என் கல் என்று வெறுங்கையோடு போய்ச் சொன்னால் எவன் கேட்பான்?

"இன்னாமா, ஊட்டையே காலி பண்ணிகினு போறியா?" என்று டிக்கெட் பரிசோதகர் கேட்டார்.

"ஆங்," என்றாள்.

காவல் அறையில் துரையும் இன்னும் இரண்டு அதிகாரிகளும் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மொழிபெயர்க்க மதராஸிலிருந்து வந்திருந்த சாமிநாதன் என்கிற குமாஸ்தா. குழவி மேஜை மேல் இருந்தது, அதன் கழுத்தில் ஒரு சீட்டுக் கட்டியிருந்தார்கள். கோவிந்தம்மாள் அம்மியைத் தரையில் இறக்கினாள். கழுத்து விண்ணென்று தெறித்தது.

"அந்தக் கல்லு என்துங்க. நான்தான் வெச்சேன். பாய் வெக்கல."

சாமிநாதன் சொன்னார். அதிகாரிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யார் சொல்லிக் கொடுத்து வந்தாள் என்று கேட்டார்கள். அவள் குழவியைத் தரச் சொல்லிக் கேட்டாள். துரை தலையசைத்தார். முந்தானை முடிச்சிலிருந்து காய்ந்த மிளகாயை எடுத்து அம்மியில் வைத்து, மேஜையில் இருந்த ஜாடியிலிருந்து தண்ணீர் தெளித்து அரைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அரைத்த அம்மி. அவளுக்கு இடதுகைப் பலம், அதனால் அம்மி ஒரு பக்கமாகக் குழிந்திருந்தது. குழவியும் அதே கணக்கில் தேய்ந்திருந்தது. இரண்டும் இடைவெளி இல்லாமல் பொருந்திப் போய்வந்தன. மிளகாய் நெடி அறையில் ஏறி மூன்று அதிகாரிகளும் மாறி மாறித் தும்மினார்கள்.

துரை கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஏன் வைத்தாய் என்று கேட்டார். அவள் சொன்னதைச் சாமிநாதன் வெட்கத்தோடு இங்கிலீஷில் சொன்னார். துரை அம்மியையும் குழவியையும் குனிந்து பார்த்தார். பிறகு, குழந்தை பிறந்ததா என்று கேட்டார்.

"பொறந்துட்டான். நல்லாகீறான்."

வாஹித்தை விட்டுவிடச் சொன்னார்கள். பெண்பிள்ளை, மூடநம்பிக்கை, போகட்டும் என்று அவளைச் சிறைக்கு அனுப்பவில்லை. திடல் பக்கம் இனிக் கால் வைக்கக் கூடாது என்று மட்டும் உத்தரவு. குழவி சாட்சிப் பொருளாக அங்கேயே தங்கிவிட்டது. குழவி இல்லாத அம்மியைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் திரும்பினாள்.

பேர் வைக்கும் நாள் வந்தது. தொட்டிலில் முதலில் போடக் கல் இல்லை. குப்பம்மாளிடம் கேட்க அவளுக்கு மனம் வரவில்லை. காலையில் ஆலம் பீ வந்து, கையில் சுமந்துவந்த தன் வீட்டுக் குழவியை வாசற்படியில் வைத்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

"அவரு குடுக்கச் சொன்னாரு. சாயங்காலம் திருப்பிக் குடுத்துடு. எனக்கு மசாலா அரைக்கணும்."

அந்தக் கல்லைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்து ஆட்டினார்கள். பிறகு பிள்ளையைப் போட்டார்கள். ஆனந்தன் என்று பேர்.

சாயங்காலம் கோவிந்தம்மாள் குழவியைக் கழுவிப் பொட்டை அழித்து எடுத்துக்கொண்டு போனாள். வாஹித் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தான். வலதுகையில் விரல் நுனியிலிருந்து முழங்கை வரை புத்தூர்க் கட்டு. அந்தக் கையால் இனி எப்போது ஸ்பானர் பிடிப்பான் என்று கட்டுப் போட்டவரே சொல்லவில்லை. கோவிந்தம்மாள் கையையே பார்த்தாள். பிறகு ஆலம் பீயிடமிருந்து மிளகாயை வாங்கிக்கொண்டு, அவர்கள் அம்மியில் தானே உட்கார்ந்து அரைக்கத் தொடங்கினாள். பழகாத அம்மி, கைக்கு வாகாக வரவில்லை.

"புள்ள எப்படிக் கீறான்?" என்றான் வாஹித்.

"பால் குடிக்கிறான்."

"வேற ஏரோப்பிளேன் வந்துருக்குதாம். இதுலயும் ஆள் இல்ல." அவன் சுவரைப் பார்த்துப் பேசினான். "ஆளே இல்லாத வண்டின்னானுங்க. விழுந்த ஒடனே ஆளத் தேடிகினு வந்தானுங்க, அடிக்கறதுக்கு."

அவள் அரைப்பதை நிறுத்தினாள். இதைச் சொல்லாமல் அந்த வீட்டிலிருந்து எழுந்து போக முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது.

"பாய், நான் ஒரு நாளு முன்னாடியே வந்திருப்பேன். புள்ள கோழி கூவும்போதே பொறந்துட்டான். செத்த நேரம் சாஞ்சேன். முழிச்சுப் பார்த்தா வெளக்கு வெச்சுட்டாங்க. கடைசி வண்டியும் பூடுச்சு. தூங்கிட்டேன் பாய். நீ அங்க அடி வாங்கிகினு இருக்கறது தெரிஞ்சே தூங்கிட்டேன்."

ஆலம் பீ அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்தாள். வாஹித் கட்டுப் போட்ட கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான்.

"அன்னிக்குத்தான் வெரல ஒடச்சாங்க," என்றான். "அன்னிக்குத்தான் நானும் உன் பேரச் சொன்னேன். வலி தாங்கல. கோவிந்தம்மான்னு ஒரு பொம்பள, தொட்டிலு, அம்மிக்குழவின்னு எல்லாத்தையும் சொல்லிட்டேன். பொய் சொல்றான்னு இன்னும் ஒரு வெரல ஒடச்சாங்க."

கோவிந்தம்மாள் அழுதாள். கை மிளகாயாக இருந்ததால் கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை. ஆலம் பீ எழுந்து வந்து தன் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டு அடுப்புக்குத் திரும்பினாள்.

"சரி, அரை அக்கா," என்றான் வாஹித். "கறி வெந்துடுச்சு."